சாப்பிட்டுவிட்டு வந்த வீடு

ஒரு வீட்டில் வயிறாரச் சாப்பிட்டேன். மறுநாள் காலை பள்ளிக்குப் போய், அந்த வீட்டுக்காரர்களுக்கு வசதி இருக்கிறது, அவர்கள் பையனுக்கு இலவச இடம் தேவையில்லை என்று சொன்னேன். பையனின் படிப்பு அதோடு நின்றுபோனது. நான் செய்த தவறு இதுதான். இத்தனை ஆண்டுகளில் இதற்கு எத்தனையோ காரணங்களைச் சொல்லிப் பார்த்துவிட்டேன். மற்றவர்களிடம் அல்ல, எனக்குள்ளேயேதான். எதுவும் நிற்கவில்லை.

இப்போதெல்லாம் எனக்குப் பகலிலேயே தூக்கம் வந்துவிடுகிறது. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினால் ஒரு பித்தளை விளக்கு தெருவில் போகிறது. தூக்கிப் போகிற ஆள் தெரிவதில்லை. செம்பருத்தி வேலிகளுக்கு மேலே விளக்கு மட்டும் மிதந்து போகும். வெயில் பட்டு ஒரு கணம் மின்னும், அடுத்த கணம் மரநிழலில் மங்கும். மலாக்காவின் காஜா பெராங் சாலையில் ஒரு வண்டி சத்தம் கூட இருக்காது. விளக்கு எந்த வீட்டுக்குள் நுழையப் போகிறது என்று பார்க்க நானும் பின்னாலேயே போவேன். நுழைவதற்கு முன் விழித்துவிடுவேன்.

மலாயா விடுதலை பெற்ற வருடம் அது. எனக்கு இருபத்து மூன்று வயது. மலாக்காவில் கத்தோலிக்கத் துறவிகள் நடத்திய ஓர் ஆண்கள் பள்ளியில் ஆசிரியராக இருந்தேன். வெள்ளை அங்கி போட்ட வெளிநாட்டுத் துறவி ஒருவர் தலைமையாசிரியர். எல்லோரும் அவரை பிரதர் என்றுதான் கூப்பிடுவோம். நல்ல பள்ளி. அங்கே படித்து வெளியே வந்த பையனுக்கு அரசாங்க அலுவலகத்தில் ஒரு நாற்காலி காத்திருக்கும் என்று ஊரே நம்பியது. ஆனால் மாதக் கட்டணம் உண்டு. அந்தப் பணத்தில் ஒரு சின்னக் குடும்பம் பாதி மாதத்துக்கு அரிசி வாங்கிவிடலாம். கட்ட முடியாதவர்களுக்காகக் கத்தோலிக்கக் கோவிலில் ஓர் உண்டியல் இருந்தது. ஞாயிறு பூசைக்கு வருகிறவர்கள் போடும் காசு சேர்ந்து, ஆண்டு தொடக்கத்தில் சில பையன்களுக்கு இலவச இடமாக மாறும்.

அந்த இடங்களை யாருக்குக் கொடுப்பது என்பதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். வீடு பார்ப்பது. கேட்டவர்களின் வீட்டுக்கு நேரில் போய், கூரையைப் பார்த்து, அடுப்பைப் பார்த்து, திரும்பி வந்து முடிவு செய்வார்கள். கோவிலுக்கு வருகிறவர்களின் வீடுகளை பிரதரே போய்ப் பார்ப்பார். மற்றவர்களின் வீடுகளுக்கு ஓர் ஆசிரியரை அனுப்புவார்.

அந்த வழக்கம் எனக்குப் புதிதல்ல. நான் ரப்பர் தோட்டத்துப் பையன். அப்பா பால்மரம் வெட்டியவர். என்னைப் படிக்க வைப்பதற்காகப் பாதிரியார் எங்கள் லயத்துக்கு, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, வீடு பார்க்க வந்தார். வருகிறார் என்று தெரிந்ததும் அம்மா செய்த முதல் வேலை, எங்களிடம் இருந்த ஒரே செப்புக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் மாட்டுக்கொட்டகையில் வைக்கோலுக்குள் ஒளித்ததுதான். காதில் கிடந்ததைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டார். எனக்குக் கிழிந்த சட்டையை மாட்டினார்.

"நல்ல சட்டை இருக்கேம்மா" என்றேன்.

"வாய மூடுடா. ஃபாதர் போனதும் போட்டுக்கலாம்."

நாங்கள் உண்மையிலேயே ஏழைகள். ஆனாலும் ஏழை வேடம் போட வேண்டியிருந்தது. எனக்கு இடம் கிடைத்தது. அன்றைக்கு மனத்தில் பதிந்தது அழியவில்லை. வீடு பார்க்க ஆள் வந்தால் இல்லாதவன் இருப்பதையெல்லாம் மறைப்பான் என்று கற்றுக்கொண்டேன். மறைக்கவில்லை என்றால் அவனுக்கு இருக்கிறது என்று அர்த்தம்.

அந்த ஜனவரியில் இடங்களெல்லாம் போய் ஒன்றே ஒன்று மீதி இருந்தது. இரண்டு பையன்கள் காத்திருந்தார்கள். ஒருவன் கோவில் உபதேசியாரின் மகன். உபதேசியார் தமிழர்களுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பவர், கோவில் கொடுக்கும் சொற்பச் சம்பளத்தில் வாழ்பவர். நான் தங்கியிருந்ததே அவர் வீட்டின் பின்னறையில்தான். வாடகை பிந்தினாலும் கேட்க மாட்டார். இரவுச் சாப்பாடும் பெரும்பாலும் அங்கேதான்.

இன்னொருவன் என் வகுப்பில் படித்தவன். கம்போங் செட்டி என்ற குடியிருப்பிலிருந்து வந்தான். நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கு வந்து குடியேறியவர்களின் வழிவந்த செட்டிக் குடும்பம். மாரியம்மனைக் கும்பிடுவார்கள், விபூதி பூசுவார்கள், ஆனால் வீட்டில் பேசுவது மலாய். அவன் அப்பா நகராட்சி அலுவலகத்தில் பியூனாக இருந்து, முந்தின ஆண்டுதான் காய்ச்சலில் போய்விட்டார். பையன் அதிகம் பேச மாட்டான். வரைபடம் போடுவதில் மட்டும் பைத்தியம். பார்க்காமலேயே கிளேபாங் தொடங்கி உஜோங் பாசிர் வரை கடற்கரையின் வளைவுகளை ஒரே கோட்டில் இழுத்துவிடுவான்.

முதலில் உபதேசியார் வீடு. பிரதர் வருவதாகச் சொன்ன சனிக்கிழமை காலை, உபதேசியாரின் மனைவி என் அறைக் கதவைத் தட்டினார். பின்னால் உபதேசியார் ஒரு ரேடியோவைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு நின்றார். தவணையில் வாங்கியது. மாலையில் நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து தமிழ் ஒலிபரப்பு கேட்பது அதில்தான்.

"சார், இன்னிக்கு ஒரு நாள் மட்டும் இது உங்க ரூம்ல இருக்கட்டும்" என்றார் அந்த அம்மா.

"வைங்க."

"மேல வேணாம் சார். கட்டிலுக்கு அடியில."

உபதேசியார் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "பொய்யின்னு நெனைக்காதீங்க சார். இன்னும் கடன் முடியல. முடியிற வரைக்கும் அது கடைக்காரனுதுதானே."

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிரதர் வந்தார், வெறும் மேசையைப் பார்த்தார், சுவரில் மாட்டியிருந்த இயேசுவின் திருஇருதயப் படத்துக்கு முன் சிலுவை போட்டுக்கொண்டார், கிளம்பினார். நான் கூடவே நடந்தேன். ரேடியோவைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து, மதியத்துக்கு மேல் கம்போங் செட்டிக்கு நான் தனியாகப் போனேன். அன்றைக்குப் போகி என்பது எனக்கு நினைவில்லை. நான் வருவேன் என்று அவர்களுக்கும் தெரியாது.

வாசல் கதவு அகலத் திறந்திருந்தது. ஆனால் உள்ளே யாரும் இல்லை. வீட்டு ஆட்கள் எல்லோரும் வெளியே முற்றத்தில், மாமரத்தடியில், ஏதோ ரயிலுக்குக் காத்திருப்பவர்களைப் போல நின்றார்கள். கெபாயா மேல்சட்டையும் சாரோங்கும் உடுத்திய பெண்கள், துண்டு கட்டிய கிழவர் ஒருவர், சில பிள்ளைகள். யாரும் பேசவில்லை. என்னைப் பார்த்ததும் பையன் உதட்டில் விரல் வைத்தான். நானும் நின்றேன். திறந்த கதவு வழியாகப் பார்த்தபோது ஒரு பெரிய பித்தளை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் வாழை இலைகள். இலை நிறைய சோறு, கறி, மீன், பலகாரம், எத்தனையோ நிறங்கள். சாம்பிராணிப் புகை நடுவீட்டில் நிறைந்து, வெளியே வர வழி தேடுவதுபோல் வாசல் பக்கம் மெல்ல நகர்ந்தது. ஆளில்லாத வீட்டில் அந்த இலைகள் யாருக்காகவோ காத்திருந்தன. கடலிலிருந்து காற்று வந்து இலை நுனிகளைத் தூக்கிவிட்டது. அந்தச் சில நிமிடங்களில் எனக்கே, உள்ளே யாரோ உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பதுபோல் பட்டது.

அவர்களின் செத்துப்போன முன்னோர்களுக்கான படையல் அது. பர்ச்சு என்பார்கள். முன்னோர்கள் சாப்பிட்டு முடிக்கும் வரை வீட்டார் வெளியே நிற்க வேண்டும். முடிந்தது என்று கிழவர் தலையசைத்ததும் எல்லோருக்கும் பேச்சு வந்தது. பையனின் அம்மா என்னிடம் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் நகை இல்லை, ஆனால் உடுத்தியிருந்த சாரோங் பட்டு.

நான் தமிழில் தொடங்கினேன். அவள் புன்னகைத்து மலாயில் பதில் சொன்னாள்.

"உங்களுக்குத் தமிழ் வராதா?" என்றேன் நானும் மலாயில். குரலில் கேலி இருந்தது, இப்போதும் எனக்குக் கேட்கிறது.

"சாமி கும்பிட வரும், சிக்கு. சண்டை போட வராது" என்றாள். சிக்கு என்றால் ஆசிரியர். சுற்றி நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. தமிழ் தெரியாதவள் தமிழனான என்னை மடக்குவதா?

"முதல்ல சாப்பிடுங்க. அவங்க சாப்பிடுற நேரத்துல வந்த விருந்தாளி நீங்க. சாப்பிடாமப் போகக் கூடாது."

சாப்பிட்டேன். தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, புளி போட்ட மீன், சம்பால், வாயில் கரைந்த இனிப்பு. மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அந்த அம்மா எதிரில் நின்று பரிமாறினாள். கட்டணத்தைப் பற்றி அவளாக ஒரு வார்த்தை பேசவில்லை. படையல் நாளில் கை நீட்டிக் கேட்பது அவர்களுக்கு ஆகாது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பையன் மூலையில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரியும், நான் எதற்காக வந்திருக்கிறேன் என்று. கை கழுவத் தண்ணீர் ஊற்றியவன் அவன்தான். "சிக்கு, நாளைக்குப் புவியியல் பாடம் இருக்கா?" என்று மட்டும் கேட்டான். இருக்கிறது என்றேன்.

அந்த வீட்டில் எதுவும் மறைக்கப்படவில்லை. விளக்கு, தட்டுகள், பட்டு, விருந்து எல்லாம் வெளிச்சத்தில் இருந்தன. வைக்கோலுக்குள் செப்புக் குடத்தை ஒளித்த வீட்டில் வளர்ந்தவனுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான்.

திங்கள் காலை பிரதர் கேட்டார். "வசதியானவர்கள்" என்றேன். "பித்தளை, பட்டு, பத்துப் பதினைந்து வகைச் சாப்பாடு. உதவி தேவையில்லை." அவர் தலையசைத்து, அப்படியானால் உபதேசியார் மகனுக்கே என்றார். அன்றைக்கு மாலை ரேடியோ பழைய இடத்துக்கு வந்திருந்தது. உபதேசியாரின் மனைவி எனக்குக் கூடுதலாக ஒரு முட்டை வைத்தார்.

பையன் அந்த மாதம் முழுக்க வகுப்புக்கு வந்தான். அடுத்த மாதம் வரவில்லை. யாரும் அவனை விரட்டவில்லை. காலி நாற்காலியை ஒரு வாரம் பார்த்தேன், பிறகு வேறு பையன் அங்கே உட்கார்ந்தான்.

ஆண்டின் நடுவில், மாம்பழமும் ரம்புத்தானும் வரும் காலத்தில், செட்டிகளுக்கு இன்னொரு படையல் உண்டு. பழங்கள் வைத்துச் செய்வது. அது எனக்குத் தெரியாது. ஒரு பிற்பகல் சைக்கிளில் காஜா பெராங் வழியாக வந்துகொண்டிருந்தேன். வேலிக்கு மேலே ஒரு விளக்கு மிதந்து வந்தது. அதே விளக்கு. உச்சியில் இருந்த பித்தளை அன்னத்தின் அலகு ஒடிந்திருந்ததால் அடையாளம் தெரிந்தது. சைக்கிளை நிறுத்தினேன். வேலி முடிந்த இடத்தில் விளக்குக்குக் கீழே பையன் வந்தான். தோளில் சாய்த்துத் தூக்கியிருந்தான். வளர்ந்திருந்தான், கறுத்திருந்தான்.

"எங்கே கொண்டு போறே? விக்கிறீங்களா?" என்று கேட்டேன்.

வெடித்துச் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. "இதை வித்தா எங்க தாத்தா எழுந்து வந்து அடிப்பார், சிக்கு. இது எங்களுது இல்ல. சொந்தக்காரங்க எல்லார் வீட்டுக்கும் பொது. ஒவ்வொரு படையலுக்கும் ஒரு வீட்டு முறை. இந்தத் தடவை பெரியப்பா வீடு."

"அன்னிக்குப் போட்ட சாப்பாடு?"

"அதுவும் அப்படித்தான். ஆளுக்கு ஒண்ணு சமைச்சுக் கொண்டு வருவாங்க. எங்கம்மா அன்னிக்குச் சோறு மட்டும்தான் வடிச்சாங்க." கொஞ்சம் யோசித்து, "சாரோங் கூட அத்தையோடது" என்றான்.

குத்திக் காட்டவில்லை. நான் கேட்டதற்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான். தோளை மாற்றிக்கொண்டு நடந்தான். ஒரு கார் பட்டறையில் எண்ணெய் துடைக்கிற வேலைக்குப் போவதாகப் போகிற போக்கில் சொன்னான். வேலிக்குப் பின்னால் அவன் மறைந்த பிறகும் விளக்கு மட்டும் தெரிந்தது. நான் கனவில் காண்பது அதைத்தான்.

விளக்கைப் பற்றித் தெரியாமல்தானே சொன்னேன் என்று அன்றிரவே எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்ளப் பார்த்தேன். ஆனால் கட்டிலுக்கு அடியில் ரேடியோ இருந்ததே. அதைத் தெரிந்துதானே மறைத்தேன். உபதேசியார் வீட்டில் கண்ணால் பார்த்ததைப் பேசாமல் விட்டவன், செட்டி வீட்டில் பார்த்ததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமலேயே பேசினேன். உபதேசியார் பணக்காரர் அல்ல. ரேடியோ வைத்திருந்ததால் அவர் மகன் தகுதியற்றவனாகிவிடவில்லை. இரண்டு பையன்களுமே தகுதியானவர்கள்தான், இடம்தான் ஒன்று. அதை அப்படியே பிரதரிடம் சொல்லியிருக்கலாம். ஒரு வீட்டில் எனக்குத் தினமும் சோறு போட்டார்கள். இன்னொரு வீட்டில் ஒரு நாள் போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். உண்மைக் காரணம் இவ்வளவு சின்னது.

பாவசங்கீர்த்தனம் செய்தேன். பாதிரியார் ஜெபமாலை சொல்லச் சொன்னார். பிறகு, "எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காமல் ஜெபம் மட்டும் சொன்னால் போதாது" என்றார்.

பிரதரிடம் போனேன். பள்ளி முகப்பில் புதிய கொடிக்கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்கள். விடுதலை நாளுக்கு இன்னும் சில வாரங்களே இருந்தன. ரேடியோ, விளக்கு, சாப்பாடு என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவர் ஜன்னல் வழியாகக் கொடிக்கம்பத்தைப் பார்த்தார்.

"நான் போயிருந்தாலும் விளக்கைப் பார்த்து அதையேதான் நினைத்திருப்பேன்" என்றார். "ஆனால் அவர்கள் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு வந்து சொல்லியிருக்க மாட்டேன்."

அதன் பிறகு அந்தப் பள்ளியில் வீடு பார்க்கும் வழக்கம் நின்றது. பெற்றோர் வந்து கஷ்டம் என்று சொன்னால் பிரதர் நம்பிவிடுவார். கோவிலில் சிலர் முணுமுணுத்தார்கள். நம்முடைய காசு நம் பிள்ளைகளுக்குத்தானே என்றார்கள். ஏமாற்றுகிறவர்கள் வருவார்கள் என்றும் சொன்னார்கள். அப்படிச் சிலர் வரவும் செய்தார்கள். "ஏமாந்தால் ஏமாந்துவிட்டுப் போகிறேன். யாரையும் இனி வைக்கோலுக்குள் குடத்தை ஒளிக்க வைக்க மாட்டேன்" என்றார். என் அம்மாவின் குடத்தைப் பற்றியும் அவரிடம் சொல்லியிருந்தேன்.

பிறகு கம்போங் செட்டிக்குப் போனேன். விளக்கு இல்லாத அந்த வீடு அடையாளமே தெரியாமல் இருட்டாக இருந்தது. பையனின் அம்மா தையல் வேலை செய்துகொண்டிருந்தாள். நான் என்ன சொன்னேன், ஏன் சொன்னேன் என்று சொல்லி முடித்து, இனிமேல் பையனின் கட்டணத்தை என் சம்பளத்தில் கட்டுவதாகச் சொன்னேன். அவள் ஊசியை நிறுத்தவில்லை.

"அன்னைக்கு மீன் நல்லா இருந்துச்சா, சிக்கு?"

"நல்லா இருந்துச்சு."

"அதுவும் என் நாத்தனார் வெச்சதுதான்" என்றாள். பிறகு பின்பக்கம் திரும்பி மகனைக் கூப்பிட்டாள்.

பையன் வந்து கேட்டுக்கொண்டான். மறுத்துவிட்டான். தன்னைவிடச் சின்னப் பையன்களோடு போய் உட்கார வெட்கம், அது ஒன்று. இன்னொன்று, அவன் கொண்டு வரும் கூலி இல்லாமல் இனி அந்த வீடு நடக்காது. நான் கெஞ்சினேன். அவன் உள்ளே எட்டிப் பார்த்தான். அங்கே எட்டு வயதுத் தங்கை தரையில் படுத்துச் சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"கட்டியே ஆகணும்னா இவளுக்குக் கட்டுங்க" என்றான்.

கட்டினேன். அடுத்த ஆண்டு அவள் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளியில் சேர்ந்தாள். கடைசி வகுப்பு வரை படித்தாள், தாதியானாள். அது என் உதவியால் என்று பெருமைப்பட எனக்கு வாய் வராது. அவள் அண்ணனின் நாற்காலியில்தான் அவள் உட்கார்ந்தாள், நான் கொடுத்த எதிலும் அல்ல.

அவன் பட்டறையிலிருந்து பஸ் கம்பெனிக்குப் போனான், கண்டக்டரானான். நான் திருமணமாகி கிளேபாங்கில் குடியிருந்தேன். தினமும் நகரத்துக்குப் போகும் பஸ் அவனுடையது. முதல் நாள் காசை நீட்டினேன். அவன் அதை வாங்காமல் டிக்கெட்டைக் கிழித்து என் கையில் வைத்தான். பிறகு தன் சட்டைப் பையிலிருந்து காசை எடுத்து, எல்லோரும் பார்க்கக் கம்பெனிப் பைக்குள் போட்டான்.

"என்ன இது? எனக்குச் சம்பளம் வருது" என்றேன்.

"உங்களுக்கு வசதி இருக்கான்னு நான் கேட்டேனா, சிக்கு?" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போனான்.

அது பழிவாங்கலா மரியாதையா என்று எனக்கு அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியாது. மறுநாளும் அதையே செய்தான். அவன் காசில் உட்கார்ந்து போவது எனக்குத் தாங்கவில்லை. வீட்டில் பஸ் பிந்துகிறது என்று பொய் சொல்லிவிட்டு, சில வாரங்கள் கடற்கரைச் சாலையில் நடந்தே பள்ளிக்குப் போனேன். பஸ் என்னைத் தாண்டிப் போகும்போது முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொள்வேன்.

ஒரு காலை மழை பிடித்தது. குடை மடங்கிவிட்டது. எதிர்க்காற்றில் நடக்க முடியாமல் நின்றேன். நிறுத்தமே இல்லாத இடத்தில் பஸ் வந்து நின்றது. படியில் அவன் தொங்கிக்கொண்டிருந்தான், சட்டையெல்லாம் நனைந்திருந்தது.

"ஏறுங்க, சிக்கு. ஆள் காத்திருக்காங்க."

ஏறினேன். உள்ளே சாம்பிராணிப் புகை போல மங்கலாக இருந்தது, ஜன்னல்களெல்லாம் ஆவி படிந்து. அவன் டிக்கெட் கிழித்தான், சட்டைப் பையில் கை விட்டான். நான் தடுக்கவில்லை. ஓர் இடம் காட்டினான். உட்கார்ந்தேன். அதன் பிறகு அவன் அந்தத் தடத்தில் இருந்த காலமெல்லாம் அந்த பஸ்ஸில் நான் இலவசமாகத்தான் போனேன்.